பாஞ்சாலை சொல்லாத பேர்

1976இல் தோட்டத்து ஆபீஸ் எரிந்த மறுவாரத்திலிருந்து, பழைய ஸ்டோரில் கிடந்த நகல் கோப்புகள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லத் தொடங்கின. அந்த மாதம் பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் விலை விழுந்திருந்ததால் ஊர்ப் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியே இருந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே ஆபீஸில் எதை டைப் அடித்தாலும் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்து, தேயிலைப் பெட்டியில் போட்டு ஸ்டோருக்கு அனுப்புவார்கள். அசல் எல்லாம் சாம்பலான பிறகு, தோட்டத்து ஆட்களின் பிறப்பும் இறப்பும் அந்தப் பெட்டிகளில்தான் மிஞ்சின. கூரை முட்ட அடுக்கிய பெட்டிகள்; மேலே எழுதியிருந்ததையெல்லாம் கறையான் தின்றுவிட்டது. ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் ஒரு கோப்பைத் தேடிச் சலித்துப்போய், காலைப் பெரட்டில் ஆள் எண்ணுகிற குரலில் ஒரு பேரைக் கத்தினார். மூலைப் பெட்டியிலிருந்து "ஐயா" என்று பதில் வந்தது. செத்தவர்களும் அவரவர் குரலில் அப்படியே சொன்னார்கள். சுவருக்குக் காது உண்டு என்பார்கள்; எங்கள் ஸ்டோரில் பெட்டிக்கு வாய் இருந்தது, அவ்வளவுதான். பேர் மட்டும் சரியாக இருக்க வேண்டும், பட்டப்பேருக்கு ஒரு தாளும் அசையாது. பெட்டியை விட்டு வெளியே எடுத்த கோப்பு மறுபடி பேசாது.

கொழுந்து எடுக்கும் பாஞ்சாலைக்குத் தன் புருஷனின் கோப்பு வேண்டியிருந்தது. அவரை லயத்து வீடுகளில் எல்லாரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள். ஜொகூரிலிருந்து தனி ஆளாக வந்தவர். அவருடைய சொந்தப் பேர் தெரிந்த பழைய கிராணியும் எப்போதோ இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். 1974இல் கோலா தெர்லாவுக்கு லோரியில் கூலிக்குப் போன நெட்டை, வழியில் பனிமூட்டத்துக்குள் இறங்கி நடந்தவர் திரும்பி வரவில்லை. நெட்டை என்ற பேரிலேயே போலீஸ் தேடியது, ஊரும் தேடியது, செருப்புகூடக் கிடைக்கவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் பாஞ்சாலை. தான் வாய் திறக்காத வரைக்கும் அவர் எங்கோ உயிரோடுதான் இருக்கிறார் என்று பொட்டும் தாலியுமாக வேலைக்குப் போனாள்.

மகள் ஜெயாவுக்குப் பதினேழு வயதானது. தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது, ஆனால் குடிமக்களுக்குத் தரும் நீல ஐசி அட்டை இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் அப்பா பேர் கருப்பையா என்றிருந்தது. அப்படி ஒரு ஆளே இந்த நாட்டில் பதிவாகவில்லை, அதனால் ஐசி தர மறுத்தார்கள். பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் அப்பா பேர் கேட்டபோது, பாஞ்சாலை வாயால் சொல்லாமல் கையால் எதையோ காட்டியிருக்கிறாள். ஆயா தனக்குப் புரிந்ததைச் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டார். நெட்டை இந்த மண்ணில் பிறந்தவர், ஜெயா அவர் பிள்ளை என்பதற்கு ஸ்டோரில் இருந்த நகல்தான் ஒரே சாட்சி.

கிராணி தனக்குத் தெரிந்த பேரையெல்லாம் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனார். யார் யாரோ "ஐயா" என்றார்கள், நெட்டையின் குரல் வரவில்லை.

"சொல்லும்மா," என்றாள் ஜெயா. "சொல்ல வேணாம், அன்னிக்கு மாதிரி கையாலயாவது காட்டு."

"கையால காட்டுனதுக்கே மனுசன் பனிக்குள்ள போய்ட்டாரு. வாயால வேற சொல்லணுமா?"

"அப்ப நானும் உன்னோட கூடையத் தூக்கறேன்லா. விடு."

கோபமில்லாமல்தான் சொன்னாள் ஜெயா. மறுநாள் காலை உண்மையாகவே ஒரு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டில் போய் நின்றாள். பாஞ்சாலையால் அதைத்தான் பார்க்க முடியவில்லை. பெற்ற வயிறு அல்லவா? மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். கிராணி சாவியோடு பின்னால் ஓடினார்.

பெட்டிகளின் முன்னால் போய் நின்றாள். முதல் தடவை உதடுதான் அசைந்தது. பிறகு மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "இருளப்பன்!" என்று கூப்பிட்டாள். அன்று ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே இருட்டைத்தான் காட்டியிருக்கிறாள் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு விளங்கியது.

ஸ்டோரில் அதுவரை கூப்பிட்டபோது எல்லாரும் "ஐயா" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இருளப்பன் அப்படிச் சொல்லவில்லை. நடுவரிசையில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து, சிரிப்பும் சளியும் கலந்த அவருடைய குரல் கேட்டது.

"பேரச் சொல்லிட்டியா, பாஞ்சால? சரி புள்ள. நான் போறேன்."

நம்மவர்கள் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்வதில்லை. வரேன் என்றுதான் சொல்வார்கள். கிராணி தலையைக் குனிந்துகொண்டார். ஜெயா அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாஞ்சாலை மகளை மெல்ல விலக்கி, மூடியைத் திறந்து, கோப்பைத் தானே எடுத்துக் கொடுத்தாள். தாள் உலர்ந்துதான் இருந்தது, அதிலிருந்து பனி வாசம் மட்டும் வந்தது.

தானா ராத்தா பதிவு ஆபீஸில் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. நீல ஐசி வந்தது, ஜெயா தாதி படிக்கப் போனாள். பாஞ்சாலை தாலியைக் கழற்றி ஆற்றில் விட்டாள். அதன்பிறகு கொழுந்துக்குப் போகும் வழியில் தினமும் ஸ்டோர் வாசலில் நின்று, "இருளப்பன், இருளப்பன்" என்று கூப்பிட்டுவிட்டுப் போனாள். பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஆசையாக ஒரு தடவைகூடக் கூப்பிடாத பேர், இனிமேல் கூப்பிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்றாள். கிராணி அந்த நேரத்தில் மட்டும் பெரட்டில் ஆள் எண்ணுவதைச் சற்று நிறுத்திவைத்தார்.