மொய்ப் படிக்கட்டு

"நீ தோத்துட்டா அந்த மஞ்சள் பஸ்ஸை மறந்துடணும், எழில்," என்றான் நவநீத்.

எழிலரசி தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அட்லாண்டிக் சிட்டியின் அந்தச் சூதாட்ட விடுதியில் பகடை மேசையின் விளிம்பைப் பிடித்தபடி சில்லுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து தம்பி, கிரீன் கார்டு வந்த சந்தோஷத்துக்கு அனுப்பிய நூற்றைம்பத்தொரு டாலர்.

பன்னிரண்டு வருஷம் கணவன் நவநீத்தின் விசாவில் ஒட்டிக்கொண்டு, வேலைக்குப் போக அனுமதியில்லாமல் எடிசன் நகரில் சும்மா இருந்தவள், கார்டு கைக்கு வந்த வாரமே பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கு எழுதிப் போட்டாள். எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். திங்கட்கிழமை பயிற்சி. அந்தப் பேருந்து நின்று சிவப்புப் பலகையை நீட்டினால் தெருவே மூச்சடக்கி நிற்கும். அதை ஜன்னல் வழியே எத்தனை காலை பார்த்திருப்பாள்!

"எம்.எஸ்ஸி. மேத்ஸ் படிச்சுட்டு டிரைவரா? கோயில்ல நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?" என்பது நவநீத்தின் கவலை. டேட்டா சயின்ஸ் கோர்ஸில் அவனே அவள் பெயரைப் பதிந்தும் விட்டான்.

பகடையில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மொய் எழுதுகிற மாதிரி: பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று, நூற்றியொன்று. ஜெயித்தால் ஒரு படி மேலே. தோற்றால் மறுபடி பதினொன்று. நாலாவது படி ஆடியதும் கிளம்பிவிட வேண்டும்.

"பகடைக்கு ஞாபகம் கிடையாது. எந்த சிஸ்டமும் வேலைக்காவாது," என்றான்.

"எனக்கு ஞாபகம் இருக்குதுங்களே, அது போதும்."

முதல் வீச்சில் ஏழோ பதினொன்றோ விழுந்தால் வெற்றி. இரண்டு, மூன்று, பன்னிரண்டு என்றால் தோல்வி. வேறு எண் விழுந்தால் அதே எண் மறுபடி வர வேண்டும். அதற்குள் ஏழு வந்துவிட்டால் போச்சு. முதல் இரண்டு ஆட்டமும் போச்சு. "ரவுண்டா பத்து வைக்கக் கூடாதா? டீலர் முறைக்கறான் பாரு," என்று அவன் சிரித்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் பதினொன்று விழுந்தது. அடுத்ததில் ஏழு. அதற்கடுத்து ஒரு ஒன்பது வந்து, மேசையே கத்த, இன்னொரு ஒன்பதும் வந்தது. கையில் இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.

நவநீத் அவள் காதருகே குனிந்தான். "போதும் எழில், வா போலாம். நீ ஜெயிச்சுட்ட, ஒத்துக்கறேன். பஸ் ஓட்டிக்கோ. பர்மிஷன் குடுத்தாச்சு."

அந்தச் சொல் அவளுக்குள் கல்லாக விழுந்தது. பன்னிரண்டு வருஷம் எதற்கெல்லாம் பர்மிஷனுக்குக் காத்திருந்தாள்! இப்போது கிளம்பினால் அந்தப் பேருந்தும் அவன் கொடுத்ததாகிவிடும்.

எழிலரசி நூற்றியொரு டாலரை மேசையில் வரைந்திருந்த பந்தயக் கோட்டின் மேல் வைத்தாள்.

"பைத்தியமா நீ?"

பகடை உருண்டது. எட்டு. நவநீத்தின் கை சில்லுகளை அள்ளப் பாய்ந்தது. டீலர் தன் குச்சியைக் குறுக்கே நீட்டினான். எண் விழுந்த பிறகு அந்தக் கோட்டிலிருந்து பந்தயத்தை யாரும் எடுக்க முடியாது, வைத்தவளே ஆனாலும். நவநீத் கையை இழுத்துக்கொண்டான். பன்னிரண்டு வருஷத்தில் அவனை ஒருவர் அப்படித் தடுத்து அவள் பார்த்ததே இல்லை.

நாலு. பத்து. ஆறு.

ஏழு.

சில்லுகளைக் குச்சி வாரிக்கொண்டு போனது. நவநீத்தின் முகத்தில் நிம்மதி பரவுவதை அவள் நன்றாகப் பார்த்தாள்.

"தோத்துட்ட. அப்போ பேசினபடி..."

"நீங்கதான் பேசுனீங்க. நான் சரின்னு எப்பங்க சொன்னேன்?" மிச்சச் சில்லுகளைக் கைப்பையில் போட்டாள். "எங்காசு நாப்பது டாலர் போச்சு, அவ்வளவுதான். திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு நான் கிளம்பிருவேன். பாப்பாவுக்கு டிபன் பாக்ஸ் நீங்க கட்டிருங்க."

"எழில், அது அப்ப. இப்ப நான் சரின்னு சொல்லலை."

"நானும் கேக்கலீங்க," என்று சொல்லிவிட்டு, தானே காரோட்ட அவன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.