இரண்டு கைக்கும் ஒரு தட்டு

"தட்டை ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்லு. ஒரு கை சும்மா இருந்தாலும் ஆட ஆரம்பிச்சிடும்," என்று பேராசிரியர் மனைவியிடம் பல்லைக் கடித்தார். வாசலில் மாணவர்கள் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

மகளுக்குக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேளாது, பேச்செல்லாம் கையால்தான். அதனால் விருந்தாளி வந்தால் அந்த வீட்டில் டீத் தட்டை அவளிடம் கொடுத்துவிடுவார்கள். வந்தவர் கிளம்பும்வரை திரும்ப வாங்கமாட்டார்கள். ஒருமுறை தூரத்து உறவினர் ஒருவர் வாரக்கணக்கில் தங்கிவிட, தட்டில் குருவி கூடு கட்டிவிட்டதாம். கூட்டை நான் பார்க்கவில்லை; முட்டையைத்தான் பார்த்தேன்.

பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் நடத்தும் பாடம், 'எவரையும் ஒதுக்காத உரையாடல்'. பிறர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று மூச்சுவிடாமல் பேசுவார். கைதட்டலில் அரங்கத்து மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியதற்குச் சாட்சிகள் உண்டு. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மைக்.

அதே படிப்பில் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. சேர மறுநாள்தான் கடைசி. "என் வகுப்புலயே வந்து கையை ஆட்டினா என் மானம் என்னாகும்?" என்று மைக் மறுத்துவிட்டார்.

டீயை எடுத்த மாணவி மகளைப் பார்த்து, "நீங்க என்ன படிக்கிறீங்க?" என்றாள்.

"அவளுக்குக் கூச்சம். என்கிட்ட கேளு," என்றார் மைக்.

"ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சுக்கப் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேக்காதே, அவங்களையே கேளுன்னு போன வாரம் நீங்கதானே சார் நடத்துனீங்க?"

"அது பரீட்சைக்கும்மா."

மாணவியின் உதட்டசைவில் கேள்வியைப் படித்துவிட்ட மகள், அவள் கண் தன்மேலேயே இருப்பதைப் பார்த்தாள். தட்டை அப்பாவின் மடியில் வைத்தாள். டீ கொட்டாமல் அவர் பிடித்துக்கொள்வதற்குள் அவள் கைகள் பேசி முடித்திருந்தன.

விருந்தாளிகள் முன் அதுவரை வாய் திறக்காத அம்மா முன்னால் வந்து மாணவியிடம் சொன்னாள். "நாளைக்கு உங்க வகுப்புல சேரப் போறாளாம். முதல் வரிசையில எடம் போட்டு வைக்கணுமாம்."

மைக் கூடாது என்று வேகமாகத் தலையை ஆட்டினார்.

மகளின் கை ஒருமுறை அசைந்தது.

"ஏன்னு கேக்கறா," என்றாள் அம்மா.

"ஏன்னு எடுத்துச் சொல்லுடி அவகிட்ட!"

"நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ணுதானே."

மைக் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கைகளை உயர்த்தினார். இத்தனை வருடத்தில் மகளின் பேச்சில் ஒரு சொல்கூட அவர் கற்றிருக்கவில்லை. பத்து விரலும் அந்தரத்தில் நின்றன. மாணவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

மகளும் காத்திருந்து பார்த்தாள். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, 'நாளைக்குப் பார்ப்போம்' என்பதைக் கையால் எப்படிச் சொல்வது என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.