குண்டடத்து இங்கிலீஷ்

திருப்பூர் பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பேசி முடிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் இந்துமதி இங்கிலீஷில் பேசினால், கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவரவர் பிறந்த ஊர்ப் பேச்சே காதில் விழும். கிளாஸ்கோக்காரருக்கு கிளாஸ்கோ, லிவர்பூல்காரருக்கு லிவர்பூல். ஸ்பீக்கரில் போட்டு நாலு பேர் கேட்டால் நாலு ஊர் கேட்கும். அவள் பிறந்தது குண்டடம், படித்ததெல்லாம் குண்டடமும் பக்கத்துத் தாராபுரமும்தான், விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. கணவன் சசிகுமார் லாரியில் அடிபட்டுச் செத்து, கருமாதி முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை இது தொடங்கியது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கட்டிங் மாஸ்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரை கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு தீபாவளி போனஸ் பேச்சு வந்தது, இதை விட்டுவிட்டார்கள். இந்துமதிக்கு எதுவுமே உறைக்கவில்லை. அழுகைகூட வரவில்லை. தன் காதுக்குத் தன் இங்கிலீஷ் எப்போதும்போலக் குண்டடமாகவே கேட்டதால், அவளுக்கு வித்தியாசமும் தெரியவில்லை.

சிக்கல், சரக்கு வாங்கும் ஒரு லண்டன் பையரால் வந்தது. மனிதர் பிறந்தது பர்மிங்காம். அந்த ஊர்ப் பேச்சு காதில் விழுந்தாலே ஆள் மந்தம் என்று மற்ற ஊர்க்காரர்கள் முடிவு கட்டிவிடுவார்களாம். நம்ம கொங்குக்காரர் ‘ஏனுங்க’ என்று வாயெடுத்ததும் சென்னையில் சிரிக்கவில்லையா, அந்த மாதிரிதான். பாவம், படாத பாடுபட்டு அதைத் தேய்த்துக் கழுவி மேலே வந்தவர், திருப்பூரிலிருந்து ஒரு பெண் அதே பேச்சில் தன்னை நக்கலடிக்கிறாள் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார். குளிர்கால ஆர்டர் அந்தரத்தில் தொங்கியது. முதலாளி பெருமாள்சாமிக்கு இங்கிலீஷும் வராது, இப்படிப்பட்ட கூத்தும் புரியாது. அவர் குலதெய்வக் கோயிலுக்குப் போய் வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் வைத்து, இந்துமதியே பேசட்டுமா, வெள்ளை வந்தால் சரி என்று வாக்குக் கேட்டார். திரும்பி வந்து, “வெள்ளப்பூ வந்துருச்சுங்க அம்மணி, நீங்களே பேசுங்க” என்றார். அடுத்த வாரம் அந்தப் பையரே கூப்பிட்டார். சரக்கைப் பற்றி ஒன்றும் கேட்காமல், சைஸ் அளவுகளை முதலிலிருந்து கடைசிவரை அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஆர்டரை உறுதி செய்தார்.

இந்துமதிக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் மகள் அனுசுயா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கப்படி மகளும் குண்டடத்திலேயே பிறந்தவள், ஆகவே அம்மா இங்கிலீஷ் பேசினால் அவளுக்குக் கேட்டதும் குண்டடம்தான். உடுமலைப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் இந்துமதி பேசப் பேச, கோட்டயத்துக்காரரான தலைமையாசிரியை சொந்த ஊரே வந்து எதிரில் உட்கார்ந்ததுபோல் பூரித்துச் சிரித்தார். அனுசுயாவோ அது ஏளனச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டாள். எல்லோர் காதிலும் குண்டடம்தான் விழுகிறது என்பது அவள் எண்ணம். வாசலுக்கு வந்ததும், “இனி இங்க வந்தா வாயே தொறக்காதீங்கம்மா” என்றாள். “சரி கண்ணு” என்றாள் இந்துமதி. அதற்குப்பின் அந்தப் பள்ளியில் அவள் பேசவில்லை.

வருடங்கள் போயின. அனுசுயா கோயம்புத்தூரில் ஃபேஷன் படித்து, மேல்படிப்புக்கு இங்கிலாந்து போய், லண்டனில் துணி கொள்முதல் செய்யும் ஒரு பையிங் ஆபீசில் சேர்ந்தாள். எந்த ஊர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாத இங்கிலீஷ் ஒன்றைப் பழகியிருந்தாள். சொந்த ஊர் பெங்களூர் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த ஆபீசுக்குப் பெருமாள்சாமியின் கம்பெனிச் சரக்கு போக ஏற்பாடானபோது, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவுக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினாள். இந்துமதி அதற்கும் சரி என்றாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தரம் மகள் தன்னை அம்மா என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவளுக்கு அந்த ஆசை ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அந்த ஆபீசிலிருந்து போன் கால் வந்தது. இந்துமதி துணியின் எடையைச் சொல்லி முடிப்பதற்குள் லண்டனில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. இந்தப் பெண் நியூகாசில்காரி என்றார் மேலாளர். இல்லை, கார்டிஃப் என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். கடைசியில் எல்லோரும் அனுசுயா பக்கம் திரும்பி, நீயும் இந்தியாதானே, இவரை உனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். இந்துமதி பேனாவைக் கீழே வைத்தாள். தெரியாது என்று அனுசுயா இங்கிலீஷில் சொன்னாள்.

அதைச் சொன்ன அனுசுயாவின் குரலும் மேலாளருக்கு நியூகாசிலாகவும், அடுத்தவருக்கு கார்டிஃபாகவும் கேட்டது. இந்துமதிக்கு அச்சு அசல் குண்டடம். அனுசுயாவுக்கும் அதுவே கேட்டது. அவள் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள், யாரும் சிரிக்கவில்லை. இந்துமதிக்கு நெஞ்சு வலித்தது. சசிகுமார் போனபின் அவளுக்கு ஏதோ ஒன்று வலித்தது அன்றைக்குத்தான். பேனாவை எடுத்து ஷிப்மெண்ட் தேதியைச் சொன்னாள்.

இப்போதும் புதன்கிழமை தவறாமல் அந்தப் போன் கால் வருகிறது. பெருமாள்சாமி இன்னொரு யூனிட் போட்டுவிட்டார். லண்டன் ஆபீசில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தாயும் மகளும் ஒருவரையொருவர் மேடம் என்று கூப்பிட்டு, நூல் விலை, சாய நிறம், கப்பல் தேதி எல்லாம் பேசி முடிக்கிறார்கள். மற்றவர்களுக்கு அவரவர் ஊர் கேட்கிறது, இவர்கள் இருவருக்கு மட்டும் குண்டடம் கேட்கிறது. பேச்சு முடிந்த பிறகும் இரண்டு பேரும் போனை வைப்பதில்லை. லைன் தானாக அறுந்துபோகும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.