பால்கடை முக்கில் இடப்பக்கம்

"மன்னிக்கணும், மேடம். பல் மருத்துவமனைக்கு எப்படிப் போகணும்னு தயவுசெஞ்சு சொல்ல முடியுமா?"

செகெட் நகரத்து டிராம் நிறுத்தத்தில், பாடப்புத்தக ஹங்கேரிய மொழியில் கேட்டாள் மங்கோலியப் பெண் ஒயுனா. பத்து மணிக்கு அங்கே அவளுக்கு வேலைக்கான நேர்காணல்.

டிராமுக்குக் காத்திருந்த கிசெல்லா அம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. அவளிடம் இத்தனை மரியாதையாக இப்போதெல்லாம் யார் பேசுகிறார்கள்?

"நேராப் போம்மா. செம்படைத் தெருவுல திரும்பு. பால்கடை முக்குல இடப்பக்கம்."

ஒயுனா நன்றி சொல்லி நடந்தாள். அம்மாளின் மனம் பால்கடைக்குள் நுழைந்துவிட்டது. பஞ்சாலை ஷிஃப்ட் முடிந்த தோழிகள், நின்றபடியே சூடான கோகோ, வாய் ஓயாத சிரிப்பு.

அப்புறம்தான் சுரீரென்றது. அந்தக் கடையை மூடி முப்பது வருஷம் ஆயிற்று. கம்யூனிஸ்ட் ஆட்சி போனதும் தெருவுக்கும் வேறு பெயர்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒயுனா ஒரு பெயர்ப்பலகையின் கீழ் அழாத குறையாக நின்றிருந்தாள்.

"வேற பேரு இருக்கே, மேடம்?"

"ஆட்சி மாறினா பலகையை மாத்திடுவானுங்க. நம்மள யாரு கேட்டா? ஆலையை மூடினப்பவும் கேக்கல. வா, நானே கொண்டுபோய் விடறேன்."

"உங்களுக்குச் சிரமம் கொடுத்ததுக்கு மன்னி..."

"மரியாதையெல்லாம் அப்புறம். காலை வீசிப் போடு!"

வழியெல்லாம் அம்மாள் பால்கடைக் கதை சொன்னாள். பாதிதான் புரிந்தாலும் ஒயுனா தலையாட்டினாள். மணி பத்து அடிக்கும் முன்பே மருத்துவமனை வந்துவிட்டது. ஒயுனா உள்ளே ஓடினாள்.

மீதிக் கதையைச் சொல்ல, கிசெல்லா வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.