துடைத்த தட்டு

"மூணு தடவை பார்த்தும் கிருமி இல்லைன்னு வந்தாச்சே, அப்புறம் என்ன? சனிக்கிழமை ஷோவுக்கு நடுக்கதவைத் திறந்துடறோம்" என்றார் மேலாளர்.

கதவுக்கு இந்தப் பக்கக் குளத்தில் இருமிக்கொண்டிருந்த டால்பின், வம்பன். அந்தப் பக்கம் நிறைமாத மகாராணி. கதவு திறந்தால் குட்டிக்கு ஆபத்து என்று நினைத்தாள், மூன்று தடவையும் சோதித்துப் பார்த்த அக்கா. அவள் வைரஸ் ஆராய்ச்சிக்காரி. வம்பனின் மூச்சு மாதிரியில் சாதாரணக் கிருமிகூட இல்லை. நோயாளியின் மூச்சு இவ்வளவு யோக்கியமாகவா இருக்கும்? ஒரு கை பார்த்துவிடுவது என்று குளத்துக்கே கிளம்பினாள்.

டால்பின்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் அவள் தம்பிதான். அவன் விசிலடித்ததும் வம்பன் தலையைத் தூக்கி, மூச்சுத்துளைக்கு மேல் பிடித்த தட்டில் புஸ்ஸென்று ஊதியது. அதற்குச் சற்றுமுன் அவன் தட்டை ஈரத்துணியால் துடைத்ததை அவள் பார்த்துவிட்டாள். நெடி மூக்கைத் துளைத்தது.

"டேய், அது என்ன தண்ணி?"

"ப்ளீச்சிங் பவுடர்க்கா. என் கை அழுக்கு உன் மிஷினுக்குப் போகக் கூடாதுல்ல? ஒவ்வொரு தடவையும் துடைச்சுட்டுத்தான் பிடிப்பேன்." அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அடப்பாவி! வைரஸைக் கொன்னுட்டு வெறும் தட்டையாடா எனக்கு அனுப்பிட்டிருந்தே?"

உறை பிரிக்காத புதுத் தட்டுகளில் வம்பனின் மூச்சையும் மகாராணியின் மூச்சையும் பிடித்தார்கள். பரிசோதனைக்கூடத்தை விட்டு அவள் நகரவில்லை. சனிக்கிழமை காலையில் முடிவு வந்தது. வம்பனிடம் ஒரு வைரஸ், தெரிந்த எதனோடும் ஒத்துப்போகாத புதுசு. நல்லவேளை, மகாராணியிடம் இல்லை.

"பேரே இல்லாத வைரஸுக்கா ஷோவை நிறுத்தச் சொல்றீங்க?" என்றார் மேலாளர்.

"பேரை நான் வெச்சுக்கறேன் சார். நீங்க கதவைப் பூட்டுங்க."

கதவு பூட்டப்பட்டது. இனி வம்பனைத் தொடுகிறவர் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. மகாராணியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன் தம்பி. அவனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தயங்கி நின்றாள். அவனே தன் பூட்ஸை எடுத்துவந்து வம்பன் பக்கம் வைத்தான்.

"இருமறவனை விட்டுட்டு எங்கே போறதுக்கா?"

குட்டி பிறந்த அன்று, மகாராணி பக்கம் இருந்த ஊழியரின் போன் வழியாக அதன் முதல் மூச்சை அக்கா அவனுக்குக் கேட்கவைத்தாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

"அதோட மூச்சையும் பிடிச்சுப் பார்த்துடச் சொல்லுக்கா. தட்டைத் துடைச்சுடப் போறாங்க."