இருமல் உட்பட

நாடகத்தில் பிரிஸ்கில்லாவுக்கு இருந்த அனுபவம், ஆறாம் வகுப்பில் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆடாக நின்றது மட்டும்தான். எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டில் ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பிரித்துக்கொண்ட அன்று அவளுக்குக் காய்ச்சல். மறுநாள் போனபோது மிச்சமிருந்தது ஒரே தலைப்பு: 'சமகால நாடக ஆக்கத்தில் புதிய போக்குகள்'.

நூலகத்தில் தேடி மூன்று போக்குகளைக் குறித்துக்கொண்டாள். மேடை இல்லாத நாடகம், கதை இல்லாத நாடகம், நாற்காலி இல்லாத நாடகம். நான்காவது போக்கு தானாகவே ஊருக்கு வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து பிரபா என்ற இயக்குநரும் கார்த்திக் என்ற நடிகரும் வந்து, உத்திரமேரூர் ரோட்டில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லில் தங்கினார்கள். மில் முத்துகிருஷ்ணனுடையது. ஊரில் பாதி நிலமும் அவருடையதுதான்.

"நாங்க வசனம் எழுதறதில்ல" என்றார் பிரபா. "ஊர்க்காரங்க பேசறத ரெகார்ட் பண்ணுவோம். கார்த்திக் அத ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே அப்படியே சொல்வார். ஒரு வார்த்தை மாத்த மாட்டோம். இருமல் உட்பட."

ரெகார்ட் செய்யும் வேலையை பிரிஸ்கில்லா கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் ஆள் அவள் அம்மா அம்முலு. முத்துகிருஷ்ணன் கழனியில் நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவள். மகள் நீட்டிய சம்மதப் படிவம் என்பதால் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். கீரை ஆய்ந்தபடி நாற்பது நிமிஷம் பேசினாள். முப்பது நிமிஷம் முட்டி வலி. பிறகு பேச்சு கழனியில் முத்துகிருஷ்ணன் தரும் நாலு மணி டீக்கு வந்தது.

"எங்களுக்கு பேப்பர் கப்பு. டிராக்டர் ஓட்றவருக்கும் மோட்டார் பாக்கறவருக்கும் சில்வர் டம்ளர். கேட்டா கொரோனான்றாரு. கொரோனா இன்னா, எங்களுக்கு மட்டும் இன்னும் போவலியா?" நீளமாக இருமினாள். "ஐயோ, இத்த அவருகிட்ட சொல்லிடாத. நிறுத்துடி அத்த."

பிரிஸ்கில்லா நிறுத்தினாள். நிறுத்தச் சொன்னது வரைக்கும் பதிவாகியிருந்தது.

அந்த இடத்தை வெட்டிவிடச் சொல்லித்தான் பிரபாவிடம் கொடுத்தாள். பிரபா இரண்டு தடவை கேட்டார். "இதுதான் நாடகமே. பேரு சொல்ல மாட்டோம். சரியா?" என்றார். பிரிஸ்கில்லாவின் நான்காவது அத்தியாயம் தலைப்போடு நின்றிருந்தது. சரி என்றாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மில்லில் நாடகம். நாற்காலி இல்லாத நாடகம்தான், ஆனாலும் முத்துகிருஷ்ணனுக்கு ஒன்று போட்டிருந்தார்கள். தாடி வைத்த கார்த்திக் ஹெட்போனோடு குந்தி உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டு அம்முலுவாகப் பேசினார். இருமல் வந்ததும் பெண்கள் சிரித்தார்கள். அம்முலு சிரிக்கவில்லை. "இத்த அவருகிட்ட சொல்லிடாத" என்று கார்த்திக் நேராக நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். அம்முலு சொன்ன 'அவர்' அங்கேதான் இருக்கிறார் என்று கார்த்திக்குக்குத் தெரியாது. முத்துகிருஷ்ணன்தான் முதலில் கை தட்டினார்.

வீட்டில் அம்முலு சோற்றைத் தொடவில்லை.

"பேரு சொல்லலியேமா."

"பேரு இன்னாத்துக்கு? என் இருமலுக்கு பாஸ்டரே ஜெபத்த நிறுத்திட்டு திரும்பிப் பாக்கறாரு."

மறுநாள் களையெடுக்கும்போது முத்துகிருஷ்ணன் வரப்பில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்பதற்கான நாலைந்து வாக்கியங்களை அம்முலு தயார் செய்து வைத்திருந்தாள்.

"நேத்து நாடகம் பாத்தியா அம்முலு? நல்லா பண்ணாங்க. தென்னேரி பக்கம் இன்னும் அப்படித்தான் பண்ணிக்கினு கீறாங்க. கேக்கவே பேஜாரா பூட்ச்சு."

அம்முலு நிமிர்ந்தாள். தயார் செய்தது ஒன்றும் உதவவில்லை.

"தென்னேரி இல்லீங்க ஐயா. அது நீங்க."

"நானா?"

"நீங்கதான். பேசினது நானு."

அவர் மற்ற ஒன்பது பெண்களையும் பார்த்தார். ஒன்பது பேரும் களையே இல்லாத இடத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று டீ வரவில்லை. மறுநாளும் வரவில்லை, யாருக்கும். "இன்னா பண்ணீங்க நீங்க?" என்று டிராக்டர் ஓட்டும் வேதகிரி பெண்களிடம் கத்தினார். மூன்றாம் நாள் நாலு மணிக்குப் பத்துப் பேரும் கரையேறி பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு நடந்தார்கள். போய்வர முக்கால் மணி நேரம். நான்காம் நாள் ஒரு மணி நேரம்.

ஐந்தாம் நாள் முத்துகிருஷ்ணனின் மனைவி சொக்கம்மாளே டீ கொண்டுவந்தார். எல்லாருக்கும் பேப்பர் கப். வேதகிரிக்கும் அதுதான், முத்துகிருஷ்ணனுக்கும் அதுதான். அவர் கப்பை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"சுடுதே, எப்படிப் புடிக்கறது இத்த?"



பிரிஸ்கில்லா நான்காவது அத்தியாயத்தை எழுதி முடித்தாள். 'பார்வையாளரிடம் ஏற்பட்ட மாற்றம்' என்று புதிய தலைப்பு. அம்முலு படிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டாள்.

"எல்லாம் கீது. என்னாண்ட கேக்காம நீ அத்த தூக்கிக் குடுத்தது எங்க?"

பிரிஸ்கில்லா அதையும் ஒரு பத்தியாக எழுதினாள். அது ஆய்வு மொழியில் இல்லை என்று வழிகாட்டிப் பேராசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்தார். அவள் அதை மாற்றாமல் பைண்டிங்குக்குக் கொடுத்தாள்.