பிக்கப்புக்கு மூடி வாங்கப் போன அன்று

லோவல் ட்வெய்ட்டை ராப்பிட் சிட்டியில் ஒரு கடையில் விட்டுவிட்டு அவன் மனைவி ஆர்லிஸ் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தபோது, பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். எங்கள் பக்கத்தில் அந்தக் கதை பல விதமாக உலவுகிறது. இடுக்கியால் அவன் மண்டையில் போட்டாள் என்றுகூட ஒருவர் தேவாலயத்தில் சொல்லியிருக்கிறார். அடிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரிக் கடைசி. எனக்குக் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. என் கணவர் போன பிறகு எண்பது மைல் தனியாக ஓட்ட எனக்குத் தெம்பில்லை. ஆறு மைல் தள்ளி இருந்தாலும் பக்கத்து வீடு என்றால் அவர்கள்தான். "எனக்கும் அங்க வேலை இருக்கு, பிக்கப்புக்குக் கெட்டியா ஒரு மூடி போடணும்" என்றான் லோவல். ஆர்லிஸுக்கு ஒரே சந்தோஷம்.

"ரெண்டு வருஷமாச் சொல்றேன், பின்தொட்டியில பனி விழுந்து தீவன மூட்டையெல்லாம் கல்லாப் போகுதுன்னு. இப்பத்தான் காதுல ஏறியிருக்கு" என்று வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் சாலையைப் பார்த்தே ஓட்டினான்.

அவர்களிடம் நூற்று அறுபது பசுக்கள். நிலம் ஆர்லிஸின் அப்பாவுடையது. மாடுகளின் இடது தொடையில் போடும் சூடும் அவருடையதே: ஒரு கோடு, அதன் கீழே ஒரு கொக்கி. அது அவள் பெயரில் பதிவாகியிருக்கிறது. லோவல் கல்யாணமாகி வந்தவன், முப்பத்து மூன்று வருஷமாக அந்த மாடுகளோடு மாடாக உழைத்தவன். அதை நான் மறுக்க மாட்டேன். இன்னும் ஐந்து வாரத்தில் கன்று போடும் காலம் ஆரம்பிக்க இருந்தது.

டாக்டர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கூச்சம் தாங்க ஒரு காகிதக் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டுதான் அந்தக் கடைக்குள் போனேன். வண்டியைக் கடையின் பட்டறைக்குள்ளேயே ஏற்றிவிட்டான் லோவல். வெளியே காற்று தோலை உரித்தது. உள்ளே கதகதப்பாக இருந்தது. விற்பனைக்காரர் பெயர் கோல்பி. நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதர்.

"மூணு தினுசு இருக்குங்க" என்றார். "இது மடக்குறது, மூணா மடியும். இது சுருட்டுறது. இது ஒரே பலகை, கார் டிக்கி மாதிரி தூக்கணும்."

"சுருட்டினா அது எங்க போகும்?" என்றாள் ஆர்லிஸ்.

"கேபினை ஒட்டித் தொட்டிக்குள்ள ஒரு பெட்டி இருக்கும். அதுக்குள்ள போயிரும்."

அவள் கையை விரித்து முழம் போட்டுப் பார்த்தாள். "அப்ப மூட்டை ஒரு வரிசை போச்சு. மடக்குறதே போதும். வைக்கோல் ஏத்தணும்னா மடிச்சு விட்டுக்கலாம். தண்ணி இறங்குமா?"

"ஓரத்துல ரப்பர் பட்டி இருக்கு. இருந்தாலும் கொஞ்சம் கசியும். சொட்டுகூட இறங்காதுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க."

"பாத்தியா, உண்மை பேசுற ஆளு" என்று என்னிடம் சிரித்தாள்.

லோவல் இதற்குள் ஒரே பலகை மூடியின் பக்கம் போய் நின்றிருந்தான். "இதைத்தான் வெச்சுப் பாக்கணும்" என்றான். கடையாள் ஒருவர் அதைக் கொண்டுவந்து எங்கள் வண்டித் தொட்டியின் மேல் பொருத்தி, நான்கு மூலையிலும் பிடிப்புகளை முடுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கறுப்பாக, பளபளவென்று, சவப்பெட்டி மாதிரி.

"பூட்டு கெட்டி" என்றான் லோவல்.

"பூட்டா? நம்ம கொட்டாய்க்கு வந்து எவன் உப்புக்கட்டியைத் திருடப்போறான்?" என்றாள். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "லோவல், யோசிச்சுப் பேசு. வைக்கோல் கட்டு இதுல எப்படி ஏறும்? விறைச்சுக் கிடக்கிற கன்னுக்குட்டியை எதுல போட்டுக் கொண்டாருவே? இதுக்குள்ள வெச்சுப் பூட்டிடுவியா?"

கோல்பி பாவம், வியாபாரத்துக்கு உதவுவதாக நினைத்து வாயைத் திறந்தார்.

"கன்னுக்குட்டிக் கவலைதான் இனிமே இல்லையேங்க. சார் போன்லயே எல்லாம் சொல்லிட்டாரு. மாடெல்லாம் அடுத்த வாரம் போயிடுது, கால்நடை மருந்து சாம்பிள் பெட்டிதான் ஏத்தணும், அஞ்சு மாநிலம் சுத்தணும், லாட்ஜ் வாசல்ல விட்டுட்டுத் தூங்கணும்னு. அதுக்கு இதை விட்டா வேற இல்லைங்க."

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் நின்றது. நான் காகிதக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"எந்த மாடு?" என்றாள் ஆர்லிஸ்.

கோல்பி லோவலைப் பார்த்தார். லோவல் கையிலிருந்த விளம்பரத் தாளைப் பார்த்தான்.

"எந்த மாடுன்னு கேக்கிறேன்."

"ஆர்லிஸ், வெளியில போய்ப் பேசலாம்."

"வெளியில என்ன இருக்கு? மூடி விக்கிறவருக்குத் தெரியுது. இன்னும் யாருக்கெல்லாம் தெரியும்? பாதிரியாருக்குத் தெரியுமா? தபால்காரருக்கு? இனெஸ், உனக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுடி" என்றேன்.

"சாப்பிடும்போது சொல்லலாம்னு இருந்தேன்" என்றான் லோவல்.

"எப்ப? மூடியை மாட்டினதுக்கு அப்புறமா?"

"எனக்கு அம்பத்தெட்டு வயசு. ரெண்டு முழங்காலும் இரும்பு. போன ஏப்ரல் பனிப்புயல்ல ரெண்டே நாள்ல நாப்பது கன்னு செத்துச்சு. அதுகளை இழுத்துப் போட்டுக் குவிச்சேனே, இன்னொரு தடவை என்னால முடியாது ஆர்லிஸ். முடியாது."

"நீ இழுத்தே. கயித்தைக் கட்டினது யாரு? இந்தக் கைதானே? எனக்கு முடியுதா முடியலையான்னு ஒரு நாள் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவே."

"அதனாலதான்டா கேக்கணும்!"

அவள் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. டயர் மாட்ட வந்திருந்த ஒருவர் காபிக் கோப்பையோடு மெல்ல வெளியே நழுவினார். அந்தக் குளிரில்!

"யாருக்கு வாக்கு குடுத்தே?"

"ஹேகனுக்கு. செவ்வாய்க்கிழமை லாரி வருது."

"சூடு யார் பேர்ல இருக்கு?"

அவன் விளம்பரத் தாளை நான்காக மடித்தான். எங்கள் பக்கத்தில் சூடு பார்க்கும் அதிகாரி வந்து, உடையவர் கையெழுத்தையும் பார்த்த பிறகுதான் மாடு கைமாறும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"என் கையெழுத்து இல்லாம ஒரு வால்கூட லாரி ஏறாது. தெரிஞ்சுக்கிட்டே வாக்கு குடுத்திருக்கே. ஏன் தெரியுமா? நீ காகிதத்தை நீட்டினா நான் எந்த இடத்துலன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்னு நெனப்பு. இத்தனை வருஷமா அப்படித்தானே போட்டேன். என்னைச் சொல்லணும்."

பிறகு கடையாளிடம் திரும்பி, "கழட்டுங்க இதை" என்றாள். அவர் லோவலின் முகத்தைப் பார்த்தார். அதுதான் தப்பாகப் போயிற்று.

"அவரை ஏன் பாக்குறீங்க? வண்டி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு!" என்று கத்திக்கொண்டே கதவுப் பையிலிருந்து வேலி இடுக்கியை எடுத்தாள். நான்கு பிடிப்புகளையும் அவளே தளர்த்தினாள். ஒரு நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, பார்க்கக்கூட இல்லை. பாதிக் குருடியாக நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். கோல்பி ஓடிவந்து வாங்கிக்கொண்டார். எங்கே தரையில் போட்டு உடைப்பாளோ என்று பயந்தேன். இல்லை, மெதுவாக இறக்கிச் சுவரில் சாய்த்தாள். பலகை என்ன பாவம் செய்தது?

லோவல் முன்கதவைத் திறக்கக் கை நீட்டினான். உள்ளே ஏறிய அவள் பூட்டை அழுத்தினாள். ஜன்னலை இறக்கி, இருக்கையில் கிடந்த அவன் குளிர்கோட்டைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள்.

"உனக்கு மூடிதானே வேணும்? நில்லு. நல்லாப் பாத்துத் தேர்ந்தெடுத்து, தலையில தூக்கிட்டு வா."

நான் பின்சீட்டில் ஏறியதும் கிளப்பி, இருபது மைல் ஓட்டினாள். ஸ்டியரிங்கை ஒரு தடவை குத்தினாள். ஹாரன் அடித்து எதிரே வந்தவர் திட்டிக்கொண்டு போனார். பிறகு ஓரம் கட்டி நிறுத்தி, மாட்டு வியாபாரி ஹேகனுக்கு போன் போட்டாள்.

"செவ்வாய்க்கிழமை லாரி அனுப்பாதீங்க. அனுப்பினா வெறும் லாரியாத்தான் திரும்பும்... லோவல் சொன்னாரா? லோவல் சொன்னார். நான் சொல்லலையே. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்குங்க. அவர்கிட்ட கோவிச்சுக்குங்க, எனக்கு இன்னைக்கு வேற வேலை இருக்கு."

போனை வைத்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடினேன்.

"இனெஸ், ஒண்ணு சொல்றேன். நவம்பர்லேர்ந்து நானும் இதைத்தான் யோசிக்கிறேன். பாதி மாட்டைக் குடுத்துடலாம்னு. அவன் மனசு ஒடஞ்சிடுமேன்னு வாயைத் திறக்கலை."

நான் முன்சீட்டுப் பக்கம் குனிந்தேன். "அப்ப திரும்பிப் போய் அவன்கிட்ட சொல்லேண்டி!"

"இப்பவா? இப்ப சொன்னா அவன் செஞ்சது சரின்னு ஆயிடும்."

வண்டியைக் கிளப்பினாள். நான் கைக்குட்டையைப் பைக்குள் திருப்பி வைத்தேன்.

லோவல் சாயங்காலம் எரிவாயு லாரிக்காரரோடு தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். அன்று அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவன் அந்த மருந்து விற்கும் வேலையை விடவில்லை. பழைய பிக்கப் ஒன்று வாங்கி, அதற்குத் தான் விரும்பிய மூடியையே போட்டுக்கொண்டான். திங்கள் போவான், வெள்ளி வருவான். கன்று போடும் காலத்தை ஆர்லிஸும், நானும், கூலிக்கு வந்த ஒரு வயதானவரும் ஓட்டினோம். சனி ஞாயிறில் யாரும் கூப்பிடாமலே அவன் கொட்டகைக்கு வந்து, முட்டி மடங்காமல் தரையில் உட்கார்ந்து, பிறக்கும் கன்றை இழுத்து எடுப்பான். இருவரும் "கயிறு", "விளக்கு", "பிடி" என்பதற்கு மேல் பேசமாட்டார்கள். அந்த வசந்தத்தில் புயல் வரவில்லை. செத்தது மூன்றே கன்று.

மே மாதம் ஒரு ஞாயிறு, அவர்கள் சமையலறையில் மூவரும் ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தோம். ஆர்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை அறுபது பசுவை விக்கலாம்னு இருக்கேன். ஹேகனுக்கு இல்லை, சந்தையில. நீ என்ன சொல்றே?"

லோவலின் காது சிவந்தது. "நான் என்ன சொல்ல? சூடு உன் பேர்ல..."

"சூட்டைக் கேக்கலை. உன்னைக் கேக்கிறேன்."

தட்டில் முள்கரண்டியால் கோடு போட்டுக்கொண்டே, "வயசான பசுவாப் பாத்து விடு. கோணக்கொம்பியை மட்டும் வெச்சுக்கலாம்" என்றான்.

"சரி" என்றாள்.

வாசல் வரை என்னை வழியனுப்ப வந்தாள். "பரவாயில்லையே, கோபம் ஆறிடுச்சு போலிருக்கே" என்றேன்.

"ஆறவா? வயிறு எரியுதுடி. எப்படிக் கேக்கணும்னு அவனுக்குக் காட்டினேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, என் கார்க் கதவை அறைந்து சாத்தினாள்.